காந்த உவமையும் பொட்டிபுரத்து இரும்பும்

பழந்தமிழ் நூல்களின் உவமைகளில் இக்கால அறிவியல் உண்மைகள் பொதிந்து கிடக்கின்றன எனக் கூறி மகிழ்தல் நம் திறனாய்வாளர் சிலரிடம் காணப்படும் வழக்கம். அவ்வழக்கம் நூலுக்குப் பெருமை சேர்ப்பதா, ஊறு விளைப்பதா என்பதனை ஓர் உவமை கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

13-ஆம் நூற்றாண்டினராகிய மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆயது. அதன் ஐந்தாம் நூற்பா, ஐம்பொறிகள் உயிரால் அறிதல் போல உயிர்கள் இறைவன் அருளால் அறிகின்றன என்று கூறி, காந்தத்தின் முன் இரும்பு இயங்குதலை உவமையாக்குகின்றது. இரும்பு தானே இயங்காது. காந்தமோ தான் மாறாது நின்று இயக்கும். இயக்குவது வேறு, இயங்குவது வேறு என்னும் இவ்வேறுபாடே உவமையின் உயிர்நிலை.

இனி, இயற்பியல் கூறுவது யாது? எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தற்சுழற்சியால் ஒரு நுண்காந்தம். இரும்பினுள் அண்டை அணுக்களின் எலக்ட்ரான்கள் சிறு சிறு வட்டாரங்களாக ஒருதிசை நோக்கி முன்னரே ஒழுங்குற்றுள்ளன. இவ்வொழுங்கின் காரணத்தைக் குவாண்டம் கொள்கை கொண்டு 1928-இல் விளக்கியவர் ஐசன்பர்க். வட்டாரங்கள் வெவ்வேறு திசை நோக்குதலின் இரும்பு காந்தமாகத் தோன்றுவதில்லை. புறத்தே காந்தப்புலம் அமைந்தவழி அவை ஒருமுகப்படுகின்றன. இரும்பு தானே காந்தமாகின்றது.

இதற்குத் தக்கதொரு சான்று, போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடம். 2015-இல் நடுவணரசு ஒப்புதல் அளித்த அத்திட்டத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, செப்புச் சுருள்களில் மின்னோட்டம் செலுத்திக் காந்தமாக்கக் கருதினர். மின்னேற்றமற்ற நியூட்ரினோ காந்தப்புலத்தில் வளையாது. அது இரும்பணுவைத் தாக்கிப் பிறப்பிக்கும் மியூவான் வளையும். நேர்மின் மியூவான் ஒருபுறமும் எதிர்மின் மியூவான் மறுபுறமும் வளைதலின், வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்பது அறியப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும் உயிரினமும் கருதி எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் இசைவின்மையைத் தெரிவித்தது. அது நிற்க.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்று. அவ்வமைப்பில் இரும்புக்கு வேறாகக் காந்தம் இல்லை, இரும்பே காந்தம். இதனை மெய்கண்டாரின் உவமைக்குள் அடக்கின், உயிரே இறைவன் என்னும் முடிபு பெறப்படும். இறை, உயிர், தளை என்னும் மூன்றும் என்றும் உள்ளன எனக் கொள்ளும் சைவ சித்தாந்தத்திற்கு இது முற்றும் மாறு. நூலைப் புகழப் புகுந்தார் நூலின் கோட்பாட்டையே அழித்தாராவர்.

உவமை ஒருபுடை ஒப்புமையே. எல்லாக் கூறும் ஒத்தல் வேண்டா எனின், அது பொருந்தும். ஆயின், ஒருபுடை ஒப்புமையை உடன்பட்டவர் எஞ்சிய புடைகளில் எலக்ட்ரானைத் தேடுதல் பொருந்தாது. மெய்கண்டார் கொண்டது கண்ணாற் காணும் இரும்பின் இயக்கம், அணுவின் அமைப்பன்று. கண்கூடான அவ்வொன்றனைக் கொண்டு காணலாகா அருளை உணர்த்தியதே அவர் புலமைத்திறம். அத்திறத்தினை விளக்குதல் திறனாய்வாளர் கடன். இரும்பினுள் எலக்ட்ரான் ஒழுகும் முறையை இயற்பியல் நூலிற் பயின்று, அதனைத் தெளிந்த தமிழில் தனியே எழுதுதலும் நம் கடனே. இரண்டனையும் ஒன்றாக்கின் இரண்டும் கெடும் என்பது எம் துணிபு.