பாடநூலில் மட்டும் உள்ள பஞ்சாயத்து

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின், அதாவது சி.பி.எஸ்.இ.யின், திட்டத்துக்கு மாறின. அம்மாற்றத்துக்கு ஆதரவாகப் பேசுவோர் நீட் முதலிய தேர்வுகளுக்கு அடுத்தபடியாக முன்வைக்கும் வாதம் வரலாற்றையும் குடிமையியலையும் பற்றியது: ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் அடங்கிய பார்வை நீங்கி, காரைக்கால் மாணவர் இனி நாடு முழுவதற்கும் பொதுவான வரலாற்றையும் அரசமைப்பையும் கற்பர் என்பது அது. எதிர்ப்போரோ, தமிழர் வரலாறு சில பக்கங்களாகச் சுருங்கிவிட்டது என்கின்றனர். எந்த வாரியத்தின் நூல் என்று வழக்காடும் இரு தரப்பாரும், அந்நூலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை என்பதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பயன்படுத்தும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களின் தரத்தை மறுப்பதற்கில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தைப் பின்பற்றி எழுதப்பட்டவை பழைய குடிமையியலின் சட்டப்பிரிவுப் பட்டியல்களைக் கைவிட்டு, ஏற்றத்தாழ்வு, ஊடகம், சந்தை போன்றவற்றை அரசியலாகப் பார்க்கக் கற்றுத்தந்தன. 2022இல் பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரால் மக்கள் போராட்டங்களையும் ஜனநாயகம் எதிர்கொள்ளும் சவால்களையும் பற்றிய பாடங்கள் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து நீக்கப்பட்டது தனியே பேசவேண்டிய கதை. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டு நூல்களும் அச்சிலும் செய்தியிலும் முந்தியவற்றைவிட மேம்பட்டவையே. குறை நூல்களின் தரத்தில் இல்லை. அவை காரைக்கால் பகுதியைச் சேர்ந்த கோட்டுச்சேரியில் கற்பிக்கப்படும்போது பொய்யாகிவிடுவதில் இருக்கிறது.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். மாற்றம் வந்த ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் பெற்ற வரலாற்று நூலின் முதல் பாடமே பிரெஞ்சுப் புரட்சிதான். பாஸ்டில் சிறை உடைக்கப்பட்டதையும் மனித உரிமைப் பிரகடனத்தையும் சொல்லும் அப்பாடம், பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848இல் இறுதியாக ஒழிக்கப்பட்டதையும் சொல்கிறது. 1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்த ஆண்டுகள் நீங்கலாக 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்த காரைக்கால் பகுதியின் பிள்ளை இதைப் படிக்கிறது. அந்த ஆட்சி தன் ஊரிலும் நடந்தது என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் அப்பாடத்தில் இல்லை. அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர், ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறித்த சில ஆண்டுகள் உழைப்பதாகக் கையெழுத்திட்டவர்களாக, ஆயிரக்கணக்கானோரைக் காரைக்கால் துறைமுகத்திலிருந்தே ரெயூனியோனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கப்பலேற்றினர். பத்தாம் வகுப்பு நூலில் ஒப்பந்தக் கூலிமுறை பற்றிய பகுதி உண்டு. அதில் டிரினிடாடும் பிஜியும் மொரீசியசும் வருகின்றன, காரைக்கால் வருவதில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து வியட்நாம் விடுபட்டதைச் சொல்லும் ஒரு முழுப் பாடமே அதே நூலில் பல ஆண்டுகள் இருந்து பின்னர் நீக்கப்பட்டது என்பதால், பிரெஞ்சுப் பேரரசுக்கு அந்நூலில் இடமில்லை என்றும் சொல்ல இயலாது. இருந்தாலும் வரலாற்றில் விடுபட்டதைப் பிறகு படித்து நிரப்பிக்கொள்ளலாம். குடிமையியலில் நேர்வது அத்தகைய விடுபாடு அன்று.

உள்ளாட்சி பற்றிய பாடம் எந்த வாரியத்தின் நூலிலும் ஒரே வடிவில்தான் அமைகிறது: கிராமம், ஒன்றியம், மாவட்டம் என மூன்று அடுக்குகள்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல்; மகளிருக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடஒதுக்கீடு; கிராம சபை. புதுச்சேரியில் மூன்று அடுக்குகள் இல்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கிருப்பவை கிராமப் பஞ்சாயத்தும், பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ஊராட்சி அலகாகிய கொம்யூனின் பெயரில் அமைந்த கொம்யூன் பஞ்சாயத்தும் மட்டுமே. அமைப்பு வேறுபாட்டை ஆசிரியர் ஒரு வகுப்பில் விளக்கிவிடலாம். விளக்க இயலாதது தேர்தல். 1968க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல், அதாவது 38 ஆண்டுகள் கழித்து. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் இன்னொரு தேர்தல் நடக்கவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்டதும் இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோயிற்று. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தின் தெருவிளக்கும் குடிநீரும் குப்பையும் ஆணையர் என்ற அரசு அலுவலரின் பொறுப்பில் இருக்க, அவ்வூர்ப் பள்ளியில் உள்ளாட்சித் தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற வினாவுக்கு ஐந்து என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. 2011க்குப் பின் பிறந்த அப்பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு வார்டு உறுப்பினரையும் கண்டதில்லை. நடப்பதில்லை என்று உண்மையை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

வடக்கே நண்டலாற்றைக் கடந்தால், தமிழ்நாட்டின் தரங்கம்பாடிப் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. தமிழ்நாடும் 2016இல் நடத்தவேண்டிய தேர்தல்களை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த மாநிலம்தான் என்றாலும், அங்கே பாடநூலும் நடப்பும் ஒருவாறு ஒட்டிவருகின்றன. பழைய மாநில வாரிய நூல் காரைக்கால் பிள்ளைக்கு அண்டை மாநிலத்தின் ஆட்சிமுறையைக் கற்பித்தது. புதிய மத்திய வாரிய நூல் பெயர் குறிக்கப்படாத ஏதோ ஒரு மாநிலத்தின் ஆட்சிமுறையைக் கற்பிக்கிறது. முன்னேற்றம் என்று கொண்டாடப்படுவதன் அளவு இவ்வளவே.

சட்டமன்றப் பாடத்திலும் இதே நிலைதான். ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர் என்பது நூல் தரும் பொது விதி. ஒன்றியப் பகுதியின் துணைநிலை ஆளுநரோ, 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டப்படி, அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். புதுச்சேரிச் சட்டமன்றத்தின் முப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு மூவரை மத்திய அரசு நியமிக்கலாம் என்பதையும், ஒன்றியப் பகுதி அரசைக் கலந்துகொள்ளாமலே நியமிக்கப்பட்டோருக்கும் வாக்குரிமை உண்டு என்பதையும் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021 பிப்ரவரியில் புதுச்சேரி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தபோது அந்த நியமன வாக்குகளே சர்ச்சையின் மையமாயின. கோட்டுச்சேரி என்ற பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதியே மறுவரையறையில் மறைந்து, 2011 தேர்தல் முதல் இல்லாமற்போயிற்று. அரசமைப்பைக் கற்பிக்க இவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டுகள் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் இவற்றில் எதுவும் தேர்வுக்கு வராது என்பதால் எதுவும் வகுப்புக்கும் வருவதில்லை.

பொது அரசமைப்பை முதலில் கற்கட்டும், உள்ளூர் விவரம் பிறகு வரட்டும் என்று ஆதரவாளர் சொல்லக்கூடும். அந்த வரிசை கட்டாயமன்று: அமெரிக்காவில் பாடத்திட்டம் ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு. பல மாநிலங்களில் நான்காம் வகுப்பிலேயே பிள்ளை தன் மாநில வரலாற்றைப் படிக்கிறது. அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதும் உண்மை: 2022ஆம் ஆண்டுத் தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பினரில் 13 விழுக்காட்டினரே வரலாற்றிலும் 22 விழுக்காட்டினரே குடிமையியலிலும் தேர்ச்சி நிலையை எட்டினர். ஆனாலும் அந்த எண்களைக் கண்டு அந்நாடு வெளிப்படையாகக் கவலைப்படுகிறது. காரைக்காலில் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் தங்கள் ஊர் எவ்வாறு ஆளப்படுகிறது என்று அறிந்திருக்கமாட்டார்கள்; அந்த நூறே அறியாமைக்குச் சான்றிதழாகிவிடுகிறது.

பாடநூல் ஆசிரியர்களுக்கு இடமில்லாமற்போன ஒரு செய்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1880இல் பிரெஞ்சு அரசு தன் இந்தியப் பகுதிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றங்களை ஏற்படுத்தியது. அத்தேர்தல்கள் அடிதடிக்கும் கள்ள வாக்குக்கும் பேர்போனவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 1954 அக்டோபரில் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா என்ற கேள்விக்கு வாக்களித்த 178 பேர், அந்த நகரமன்றங்களுக்கும் பிரதிநிதித்துவ சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. 170 பேர் இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தனர். காரைக்கால் இந்தியாவுக்குள் வந்தது உள்ளாட்சி உறுப்பினர்களின் வாக்கால். இந்தியாவுக்குள் வந்தபின் அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுபது ஆண்டுகளில் பெரும்பகுதி முடங்கிக் கிடந்தது. இதைச் சொல்லாத நூல் எந்த வாரியத்தினுடையதாக இருந்தாலும் காரைக்காலுக்குப் போதாது.

புதுச்சேரி பள்ளிக் கல்வித் துறை மத்திய வாரியத்தின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வாரிய நூலைத் தொடாமலே, எட்டாம் வகுப்புக்குத் தமிழில் ஒரு துணைநூல், கீழூர் வாக்கெடுப்பும் ஒப்பந்தக் கூலிகளும் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் கொம்யூன் பஞ்சாயத்தும், 2011க்குப் பிறகு தேர்தல் நடக்காததற்கான காரணங்களும் அடங்கியதாக, அதனால் வெளியிட முடியும். ஒன்றியப் பகுதியின் மற்ற பகுதிகளான மாஹேயும் ஏனாமும் தத்தம் மொழியில் தத்தம் கதையை எழுதிக்கொள்ளலாம். காரைக்காலின் ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் வாரியத்தைப் பற்றிய வாதத்தை நிறுத்திவிட்டு, முதலில் கேட்கவேண்டியது அந்த நூலைத்தான்.