பார்க்க வந்தவர்களும் ஆடப் போனவர்களும்

1

சில வருஷங்களுக்கு முன்னால், தவளக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதியம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அன்றைக்குத் துகில். பத்து மணி சுமாருக்குப் புதுச்சேரி ஒயிட் டவுன் விடுதி ஒன்றிலிருந்து வேனில் ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். விழாக்குழுவினர் அவசர அவசரமாக முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்களைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார்கள். "எம்.ஏ. படிச்ச தம்பி, நீ போய் அவங்ககூட ஒக்காரு, எதுனா கேட்டா சொல்லு" என்று எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. எம்.ஏ. தமிழ் என்பது அன்றைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் உத்தியோகம்.

திரை பிடித்து முதல் வேஷம் வந்தது. செல்போன்கள் உயர்ந்தன. கட்டியங்காரன் பேசப் பேச எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு அவர்கள் எழுந்து கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்கள். கட்டியங்காரன் விடவில்லை. "மகாராஜா, சபையில நாலு நாற்காலி காலியாக் கெடக்குது, சூதாட வந்தவங்க யாருனா இருந்தா ஒக்காரச் சொல்லுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு நானும் எழுந்தேன். காலையில் வேலைக்குப் போக வேண்டும். பக்கத்தில் பாயில் இருந்த ஒரு பாட்டி, "இன்னா தம்பி, பாதியில போற? இன்னும் துகிலே உரியலியே" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த மாதம் அந்தக் கூத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 'நிகழ்த்துப் பிரதி', 'கூட்டு நனவிலி' என்றெல்லாம் அதில் உண்டு. துகிலுரியும் காட்சியைப் பற்றி இரண்டு பக்கம். நான் பார்க்காத காட்சி அது. அச்சில் வந்த கூத்துப் பிரதியைப் படித்து எழுதியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாராட்டி இரண்டு கடிதங்கள்கூட வந்தன.

ஊர் ஊராகப் போய் ஓப்பரா, பாலே, அந்தந்த ஊர் ஆட்டம்பாட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருகிற பயணியைக் கிண்டல் செய்வது நமக்குச் சுலபமாக வருகிறது. அந்தக் கிண்டலில் நம்மை நாம் எங்கே வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் இங்கே பிரச்சினை.

2

தவளக்குப்பத்தில் கடலூர் பஸ் ஏறிக் கடலூரில் மாறினால் திருவந்திபுரம் போய்விடலாம். கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாதசுவாமி கோயில். முகூர்த்த நாட்களில் ஒரே கல்யாணக் கூட்டமாக இருக்கும். இந்த ஊர்க்காரர்களான ஐந்து தேவதாசிகளும் மூன்று வாத்தியக்காரர்களும் 1838இல் பிரான்சில் போய் இறங்கினார்கள். தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போனார். ஆகஸ்டில் பாரிசில் வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். அரசர் லூயி பிலிப் முன்னிலையில் ஆடினார்கள். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கில் ஆடினார்கள்.

இவர்களைப் பற்றி நிறைய எழுதியவர் கவிஞரும் நாடக விமர்சகருமான தியோஃபில் கோத்தியே. அரங்கேற்றத்துக்கு முன்பே அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, 'லா ப்ரெஸ்' பத்திரிகையில் எழுதினார். தோலின் நிறம், கண், நகை, கால் சலங்கை என்று ஒன்றையும் விடவில்லை. பெயர்களையும் எழுதி வைத்தார். பிரெஞ்சு நாக்கில் உருமாறிய அந்தப் பெயர்களுக்குப் பின்னால் தில்லையம்மாள், அம்மணி, சுந்தரம், ரங்கம், வேதம் என்ற பெண்கள் தெரிகிறார்கள். அம்மணிக்குப் பதினெட்டு வயது. வேதம் ஆறு வயதுக் குழந்தை. வாத்தியக்காரர்களில் ஒருவர் தேவநாயகம். ஊர்ச் சாமியின் பெயரையே சுமந்துகொண்டு போயிருக்கிறார். அம்மணி ஆடுகிற கோலத்தை பார் என்ற சிற்பி சிறு வெண்கலச் சிலையாகவும் வடித்தார்.

ஆக, பிரெஞ்சில் கட்டுரை இருக்கிறது, சிலை இருக்கிறது, லண்டன் பத்திரிகைச் செய்திகள் இருக்கின்றன. தில்லையம்மாளோ அம்மணியோ பாரிசைப் பற்றிச் சொன்னதாகத் தமிழில் ஒரு வரியும் நம்மிடம் இல்லை. அவர்களும் பயணிகள்தாம். கடல் கடந்தவர்கள், அரண்மனைக்குள் போனவர்கள், அந்நிய ஊரின் விளக்குகளையும் கூட்டத்தையும் மேடையிலிருந்து பார்த்தவர்கள். ஆனால் பயணி என்ற சொல்லை வரலாறு அவர்களுக்குத் தரவில்லை. பார்க்கிறவன் பயணியாகவும் பார்க்கப்படுகிறவள் காட்சியாகவும் ஆக்கப்படுகிறார்கள். யார் பயணச்சீட்டு வாங்கினார்கள் என்பதை வைத்து இது தீர்மானமாவதில்லை. யார் கையில் பேனா இருந்தது என்பதை வைத்துத் தீர்மானமாகிறது.

3

இதில் இன்னொரு விஷயம். அம்மணி பாரிசுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அவளுடைய பிம்பம் அங்கே போய்விட்டது. 1770களில் புதுச்சேரியில் இருந்த சொன்னரா தன் பயண நூலை 1782இல் வெளியிட்டார். தேவன் ஒருவன் தாசியைச் சோதித்து, அவள் தீயில் இறங்கியதும் ஆட்கொள்கிற கதை அதில் வருகிறது. அதைப் படித்த கெதே 1797இல் கவிதையாக்கினார். அதையொட்டி ஸ்க்ரீப் எழுத, ஓபேர் இசையமைத்து, 1830இல் பாரிஸ் ஓப்பராவில் 'தேவனும் பயதேரும்' மேடையேறியது. மற்றவர்கள் பாட, தாசியாக வந்த மரி தக்லியோனி ஆடினாள். தாசி என்றால் இப்படித்தான் என்று எட்டு வருஷம் பழகிப்போன கண்களுக்கு முன்னால்தான் திருவந்திபுரத்துப் பெண்கள் நின்றார்கள். அசலைப் போலியோடு ஒப்பிட்டு மார்க் போடுகிற வேலை. சுற்றுலாப் பார்வையின் அடிப்படை விதியே இதுதான் என்று படுகிறது: படம் முதலில், ஆள் பிறகு.

அம்மணி போன பிறகும் படம் வளர்ந்தது. கோத்தியே 1858இல் 'சகுந்தலா' பாலேவுக்குக் கதை எழுதினார். நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திப்பா. அவருடைய தம்பி மாரியஸ் பெத்திப்பா 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயதேர்' பாலேவை மேடையேற்றினார். கோயில் நடனக்காரி நிக்கியாவைப் பூக்கூடைப் பாம்பு தீண்டிக் கொல்கிறது. பிறகு அவள் வெள்ளை நிழலாக வருகிறாள். இன்றும் உலகத்தின் பெரிய ஓப்பரா அரங்குகளில் ஆடப்படுகிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பயணிக்கு இந்தியத் தாசி வெள்ளை உடையில், கால்விரல் நுனியில் நிற்கிறாள். சலங்கைச் சத்தம் மட்டும் கேட்காது.

அந்த நிக்கியா வேஷத்தை 1902இல் ஏற்று ஆடியவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. 1920களின் கடைசியில் அவரைச் சந்தித்துப் பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணி தேவியை, உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று திருப்பிவிட்டவரும் அவர்தான் என்பது பலரும் அறிந்த கதை. 1935இல் அடையாறில் ருக்மிணி தேவியின் அரங்கேற்றம், 1936இல் கலாக்ஷேத்ரா. தாசிகளின் சதிர் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபாவுக்குள் போனது. 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஒழிக்கப்பட்டதை நினைத்து ஏங்குகிற கூட்டத்தில் நான் இல்லை. முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டமும், அந்த வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் 1936இல் எழுதிய 'தாசிகள் மோசவலை'யும் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வேதங்கள் ஆறு வயதில் ஒப்பந்தத்தில் ஏற்றப்பட்டிருப்பார்களோ. ஆனால் பெண்ணை விடுவித்த அதே காலத்தில் அவளுடைய ஆட்டம் மட்டும் வேறொரு சாதியின் சொத்தாக எழுதிக்கொள்ளப்பட்டது. விடுதலையையும் அபகரிப்பையும் ஒரே நேரத்தில் சொல்லத் தெரியாத விமர்சனம் எதற்கு உதவும்?

4

நம் ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போய்ப் பார்ப்போம். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் கோடைகாலப் பயணிகளுக்கென்று நிகழ்ச்சிகள் உண்டு. தொண்டைக்குள் இரண்டு சுருதி எழுப்பும் கூமிப் பாட்டு, குதிரைத்தலை வைத்த மோரின் கூர் என்ற தந்தி வாத்தியம், உடம்பை வளைக்கும் வித்தை, புத்த மடங்களின் சாம் முகமூடி நடனம், எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் சொச்சம். அதே நகரத்தில் சோவியத் சகாப்தத்தில் 1963இல் தனி நிறுவனமான ஓப்பரா பாலே அரங்கும் இருக்கிறது. கூமியை அசல் என்றும் ஓப்பராவை நகல் என்றும் எண்ணுகிற பயணிகள் உண்டு. ஆனால் சாம் நடனம் 1930களில் மடங்கள் அழிக்கப்பட்டபோது அறுந்துபோய், 1990க்குப் பிறகு மீட்டுக் கட்டப்பட்டது. மங்கோலிய மொழியிலேயே இயற்றிய ஓப்பராவோ அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் போய்ப் பார்க்கிற பொருள். எது அசல்? புராதனமாகத் தோற்றம் தருவதா, ஊர்க்காரன் போய் உட்காருவதா?

'அசல்' என்ற இந்தச் சொல்லே பயணியின் சொல். கூத்தாடுகிறவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் ஆர்மோனியத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், மைக்கைச் சேர்த்துக்கொண்டார்கள், டியூப்லைட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓப்பராவும் அப்படியே. இருட்டில் வாய்மூடி உட்கார்ந்து பார்க்கும் பழக்கம், 1876இல் வாக்னர் பைராய்த்தில் அரங்கை இருட்டாக்கிய பிறகு மெதுவாகப் பரவியது. அம்மணி ஆடிய காலத்துப் பாரிஸ் அரங்குகளில் விளக்கு எரியும், ஜனங்கள் பேசுவார்கள், எழுந்து போவார்கள் வருவார்கள். நம் கூத்துக் களத்துக்கு அது அவ்வளவு தூரமில்லை.

5

அம்மணி போய் 177 வருஷம் கழித்து எதிர்த்திசையில் ஒரு பயணம். அரியான் முனுஷ்கினின் தெயாத்ர் து சொலெய் குழு 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் புதுச்சேரிக்கு வந்தது. புரிசை கண்ணப்ப சம்பந்தத்திடம் தெருக்கூத்து கற்றது. 2016 நவம்பரில் பாரிசை ஒட்டிய வென்சேனில் 'இந்தியாவில் ஓர் அறை' நாடகம். இயக்குநர் ஓடிப்போய், இந்தியாவில் மாட்டிக்கொண்ட ஒரு பிரெஞ்சு நாடகக் குழுவின் கதை. 2015 நவம்பர் பாரிஸ் படுகொலைகளின் அதிர்ச்சி பின்னணியில் இருக்கிறது. நாயகியின் கனவுகளுக்கு நடுவே துகிலுரிதலும் கர்ண மோட்சமும் கூத்தாகவே, தமிழிலேயே வருகின்றன.

இதை 1838இன் மறுபதிப்பு என்று தள்ளிவிடலாமா? அப்படிச் சொன்னால் சுலபம், ஆனால் நியாயமில்லை. கோத்தியே பார்த்தார், எழுதினார். இவர்கள் கிரீடம் கட்டி, கால் வலிக்க அடவு போட்டு, வாயில் நுழையாத தமிழை மனப்பாடம் செய்தார்கள். வாத்தியார் பெயர் தெரிந்த மாணவர்களாக இருந்தார்கள். கற்றுக்கொள்கிறவன் சீக்கிரம் எழுந்துபோக முடியாது.

அதே சமயம், அந்த அறை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. ஐரோப்பாவின் பயத்துக்கு மருந்தாகத் திரௌபதியின் கூந்தல் அவிழ்கிறது. கூத்துக்காரர் தன் பயத்துக்கு மருந்து தேடி ஒரு பாரிஸ் கனவு காண நமக்கு எந்த மேடை இருக்கிறது? ந. முத்துசாமி கூத்தைப் பற்றி எழுதி, 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கிய பிறகுதான் நம்மில் பலருக்குக் கூத்து கலையானது. அதற்கு முன் அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற சத்தம். நாமும் நம் ஊருக்கு வேனில் வந்து இறங்கியவர்கள்தாம்.

6

கடைசியாக, நாற்காலி. அன்றைக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்வரிசை கிடைத்தது. பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருக்கிற சேரி ஜனங்களில் சிலர் தெருமுனையில், புளியமரத்துக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவுமில்லை. "அங்கேருந்தே நல்லா தெரியும்" என்று விழாக்குழுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்ததற்காகத் தாக்கப்பட்டு, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரை வைத்ததும் இதே திரௌபதியின் பெயரால்தான். சபை நடுவே நின்று நியாயம் கேட்டவளின் வாசலில் யார் நிற்கலாம் என்று ஊர் தீர்மானிக்கிறது. இந்த நிலைமையில் யார் அந்நியர்? ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவருக்கு நாற்காலி. இருநூறு அடி தள்ளி இருப்பவருக்குப் புளியமரம். 'கூட்டு நனவிலி' என்று நான் எழுதிய கட்டுரையில் இந்தப் புளியமரம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது முதுகுப் பக்கம்.

நிகழ்த்துகலைகளைப் பற்றி எழுதுகிற நாம் இரண்டு தகவல்களையாவது கட்டுரையில் சேர்த்தாக வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எங்கே உட்கார்ந்து பார்த்தோம், எத்தனை மணிக்கு எழுந்து போனோம். பாரிஸ் ஓப்பராவுக்கும் இது பொருந்தும், உலான்பாத்தருக்கும் பொருந்தும், தவளக்குப்பத்துக்கும் பொருந்தும். இவ்வளவையும் சொன்னால் விமர்சனம் முழுமையாகிவிடாது. பொய் கொஞ்சம் குறையும்.

போன வருஷம் அதே ஊரில் மறுபடி துகில் போட்டார்கள். விடிகிற வரைக்கும் இருந்தேன். புளியமரத்துப் பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து நல்லா தெரியவில்லை.