முட்டை கொடுத்த பெண் எங்கே?

சுவிட்சர்லாந்தில் கருமுட்டை தானத்துக்கு இன்னும் தடை நீங்கவில்லை. சட்டத்தை மாற்றும் பேச்சு மட்டும் நடக்கிறது. ஜெர்மனியில் 1991 முதல் நடப்பில் உள்ள கருப் பாதுகாப்புச் சட்டம், ஒருத்தியின் முட்டையை இன்னொருத்திக்கு வைத்துச் சிகிச்சை செய்யும் மருத்துவரைத் தண்டிக்கிறது. நார்வே 2021இல்தான் கதவைத் திறந்தது. பிரிட்டனில் அனுமதி உண்டு, ஆனால் தெற்காசியப் பெண்கள் முட்டை தர முன்வருவது அரிது. இந்த நாடுகள் எல்லாவற்றிலும் ஈழத் தமிழர்கள் வேரூன்றியிருக்கிறார்கள். அகதி விண்ணப்பம், மொழிப் படிப்பு, தங்கைமார் கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுக் குழந்தையை நினைக்கும்போது பெண்ணுக்கு நாற்பது தொட்டிருக்கிறது. "உங்கள் முட்டை இனிப் போதாது" என்று மருத்துவர் சொல்லும் இடத்தில் பயணம் தொடங்குகிறது.

ஐரோப்பாவிலேயே ஸ்பெயின் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தானத்தை அனுமதிக்கிறது, கொடுப்பவர் பெயரையும் மறைத்துவைக்கிறது. ஐரோப்பாவில் இந்தச் சிகிச்சைக்காக அதிகம் பேர் போகும் நாடு அதுதான். ஆனால் தமிழ்த் தம்பதிக்கு நம் நிறத்தில், நம் முகச்சாயலில் ஒரு குழந்தை வேண்டும். அதனால் விமானம் சென்னைக்கோ திருச்சிக்கோ வருகிறது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருபவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குப் பூர்வீகமே மன்னார்குடிப் பக்கமோ பட்டுக்கோட்டைப் பக்கமோதான்.

திருச்சியில் இறங்கியவர்கள் தஞ்சாவூரைத் தாண்டிப் பாபநாசம் பக்கம் திருக்கருகாவூருக்கும் போகிறார்கள். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதி வாசற்படியைப் பெண்கள் நெய்யால் மெழுகிக் கோலம் போடுகிறார்கள். அர்ச்சகர் அம்பாள் பாதத்தில் வைத்துத் தரும் நெய்யைக் கணவனும் மனைவியும் 48 நாள் சாப்பிட வேண்டும். பிரார்த்தனை பலித்தவர்கள் திரும்பி வந்து குழந்தையைத் தங்கத் தொட்டிலில் இடுகிறார்கள். முனிவர் ஒருவரின் சாபத்தால் வேதிகை என்பவளின் வயிற்றில் கலைந்த கருவை அம்பாள் ஒரு கலசத்தில் வைத்துக் காத்து, நைத்துருவன் என்ற பிள்ளையாகக் கொடுத்தாள் என்பது தலபுராணம். வயிற்றுக்கு வெளியே வளர்ந்த கரு இந்த மண்ணின் பக்திக்கு அந்நியமான எண்ணம் இல்லை. ஆய்வகக் குழந்தையைக் காவிரி டெல்டா இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோயில் பயணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போய் வந்தார்கள், அம்பாள் கொடுத்தாள் என்று சொல்லிவிடலாம். மருத்துவமனைப் பெயர் வெளியே வராது. மூன்றாவது பெண் ஒருத்தி இருந்தாள் என்பது வரவே வராது. நான் கேள்வி கேட்க விரும்புவது இந்த ரகசியத்தைத்தான். சிகிச்சையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஏனென்றால் அந்தச் சிகிச்சை தீர்க்கும் துன்பம் பொய்யில்லை. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கல்யாண வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கு மூன்றாம் வருடம் ஒரு பதில் இருக்கும், பத்தாம் வருடம் தலைகுனிவு மட்டும்தான் இருக்கும். வளைகாப்பில் வளையல் போட எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் சமையற்கட்டிலேயே விட்டுவிடும் வழக்கத்தை இந்தத் தஞ்சை வட்டாரத்திலேயே பார்த்து வளர்ந்தவன் நான். குறை ஆணிடம் இருந்தாலும் பழி பெண்ணுக்கு. இதிலிருந்து ஒருத்தியை மீட்க முடிந்தால் அது பெரிய காரியம். மருத்துவமும் இதில் ஏமாற்றுவதில்லை. வயதோடு வேகமாகத் தளர்வது முட்டைதான். கருப்பை அவ்வளவு தளர்வதில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முட்டை நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் கருப்பையில் நன்றாகவே வளரும். சொந்த முட்டையில் தோற்றுத் தோற்று ஓய்ந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்தும் வழி இது ஒன்றுதான். தன் வயிற்றில் சுமந்து, தானே பெற்று, தானே பால் கொடுக்கும் குழந்தை. அதை யார் பிள்ளை என்று கேட்பது அநாகரிகம்.

ஊருக்கு வந்து செய்துகொள்வதில் ஆதாயமும் அதிகம். செலவு ஐரோப்பாவைவிடக் குறைவு. மருத்துவரிடம் தமிழில் அழலாம். ஊசி போடும் நாட்களில் அம்மா ரசம் வைத்துத் தருவாள். தென்னகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜிடம் பிறந்தது. அதற்குப் பிறகு இங்கே சேர்ந்த கைத்திறனைக் குறைத்து மதிப்பிட முடியாது.

இப்போது அந்த மூன்றாவது பெண்ணிடம் வருகிறேன். சாதாரணமாக மாதம் ஒரு முட்டை முதிரும் உடலில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு முதிரும்படி ஏறத்தாழ பத்து நாள், தினமும் ஹார்மோன் ஊசி. வயிறு உப்பும். கடைசி ஊசிக்குப் பின் சுமார் 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி, பிறப்புறுப்பு வழியாக ஊசியைச் செலுத்திச் சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலருக்கு அடுத்த நாட்களில் சினைப்பை அளவுமீறி வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், மூச்சு முட்டும். உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். 2010இல் மும்பையில் முட்டை கொடுத்த 17 வயதுப் பெண் இரண்டு நாளில் இறந்துபோனாள். முட்டை கொடுத்தவள் இப்படித் தவிக்கக்கூடிய நாட்களில், வெளிநாட்டிலிருந்து வந்த தம்பதி கரு வைக்கும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். முட்டை கொடுத்த பெண் எந்த ஊர், எந்தப் பேருந்தில் ஏறிப் போனாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதும் ஏற்பாட்டில் அடக்கம்.

ஈரோட்டில் 2022 கோடையில் வெளிவந்ததை நாம் மறந்துவிட்டோம் என்று அஞ்சுகிறேன். பதினாறு வயதுச் சிறுமி. பெற்ற தாயும், தாயோடு வாழ்ந்தவரும், ஒரு பெண் தரகரும் சேர்ந்து, போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, அவளை எட்டு முறை முட்டை எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு இருபதாயிரம், தரகருக்கு ஐயாயிரம் என்று செய்திகள் வந்தன. தமிழ்நாட்டு மருத்துவமனைகளோடு ஆந்திரம், கேரளம் வரை விசாரணை நீண்டது. அரசு குழு அமைத்தது, சில இடங்களில் ஸ்கேன் மையங்களுக்குச் சீல் வைத்தது. அந்தப் பிள்ளை வீட்டை விட்டு ஓடி உறவினரிடம் சொல்லியிராவிட்டால் ஒன்பதாவது முறையும் நடந்திருக்கும். படித்த மருத்துவர்கள் எத்தனை பேர் கண்முன் அந்தச் சின்ன உடம்பு படுத்திருந்தது! ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இந்த அவலம் தெரியவந்தபோது சட்டம் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021, அடுத்த ஆண்டு ஜனவரி 25 முதல் செயலுக்கு வந்தது. முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது. வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவர் முட்டை ஒரு தம்பதிக்கு மட்டும். கொடுப்பவருக்குப் பெறுபவர் செலவில் காப்பீடு. விலைக்கு விற்கத் தடை. நல்ல எண்கள், நல்ல நோக்கம். ஆனால் 'ஒரே முறை' என்பதை எப்படிச் சரிபார்ப்பது? கருமுட்டை வங்கி, கொடுப்பவரின் ஆதார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். ஈரோட்டில் பொய்யானது அந்த ஆதார்தான். விற்பனைத் தடையின் விளைவும் யோசிக்க வேண்டியது. பிரிட்டனில் முட்டை கொடுப்பவருக்கு 2024 அக்டோபர் முதல் 985 பவுண்டு ஈட்டுத்தொகை, வெளிப்படையாக, எல்லாருக்கும் ஒரே அளவு. இங்கே சட்டப்படி கையில் எதுவும் கிடையாது. பத்து நாள் ஊசியும் மயக்க மருந்தும் முன்பின் தெரியாத ஒருவருக்காக எந்தப் பெண் சும்மா ஏற்பாள்? ஏற்கிறாள் என்றால் பணம் கைமாறுகிறது, கணக்கில் வராமல். கணக்கில் வராத பணத்தில் தரகர் பங்கு பெருகும், அவள் பங்கு சுருங்கும். வாரத் தவணை கட்ட முடியாமல் குழுக் கடன்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று கஜா புயலுக்குப் பிந்தைய டெல்டாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரகர் முதலில் தட்டுவது அந்த வீட்டுக் கதவைத்தான்.

சிறுநீரகத்தோடு ஒப்பிட்டால் ஓட்டை இன்னும் தெளிவாகத் தெரியும். நெருங்கிய உறவில்லாத இந்தியர் ஒருவர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் கொடுக்க நம் சட்டம் இடம் தருவதில்லை. உள்நாட்டில் கொடுப்பதற்கும் அங்கீகாரக் குழு முன் நேரில் வந்து பேச வேண்டும். அந்தக் குழுவையும் ஏமாற்றுகிறார்கள், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் 2025இல் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் இழந்தது தெரிந்ததே. இருந்தாலும் கேட்க ஒரு மேசையாவது இருக்கிறது, பின்னால் பதில் சொல்ல ஒரு கையெழுத்தாவது இருக்கிறது. முட்டைக்கு அந்த மேசையே கிடையாது. வாடகைத்தாய் முறையை வெளிநாட்டவருக்கு மூடியவர்கள், முட்டையை வெளிநாட்டுக்கு விற்பதைத் தடுத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து இங்கேயே பெற்றுக்கொண்டு போவதைப் பற்றி அதே அக்கறையோடு பேசவில்லை.

ரகசியம் பெறுபவரையும் விடுவதில்லை. தானமாகப் பெற்ற முட்டையில் உண்டாகும் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து கூடுதல். சூரிச்சுக்குத் திரும்பிய பெண் அங்குள்ள மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லாவிட்டால் அவர் அந்தக் கவனத்தோடு பார்க்க மாட்டார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கும்போது முட்டையின் வயதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தாயின் வயதான 44ஐப் போட்டால் ஆபத்து பெரிதாகத் தெரியும். தேவையே இல்லாமல் பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் சோதனை வரை போக நேரலாம், அதிலும் கரு கலையும் சிறு அபாயம் உண்டு.

பிறந்த பிள்ளையின் நிலையை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. பிரிட்டன் 2005 ஏப்ரலில் ரகசியத்தை நீக்கியது. அதன்பின் கொடுத்தவர் யார் என்பதை அந்தப் பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. அவசர மருத்துவத் தேவையில் தம்பதி கேட்டால், அல்லது நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டும் தகவல் வெளிவரும். மருத்துவமனை பத்து ஆண்டு ஆவணத்தை வைத்திருந்து பிறகு தேசியப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்போது, தமிழே சரியாக வராத ஒரு இளைஞன், எந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டுவான்? எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மரபணு உறவுகளைக் காட்டும் சோதனை இன்று ஐரோப்பாவில் பரிசுப் பொருளாகக் கிடைக்கிறது. பெற்றோர் சொல்லாததை ஒரு நாள் அது சொல்லிவிடும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் வீடுதான்.

சாதி பற்றியும் சொல்லியாக வேண்டும். உயரம், நிறம், ரத்தப் பிரிவு, படிப்பு கேட்பதோடு நிற்காமல் 'நம்மவங்களா' என்றும் கேட்கிறார்கள். தரகரும் தலையாட்டிவிடுகிறார். வயலில் நாற்று நடும் பெண்ணைத் திண்ணையில் ஏற்றாத குடும்பத்துக்கு அவளைப் போன்ற ஒருத்தியின் முட்டையிலேயே வாரிசு வரலாம், அது தெரியாமலிருக்கத்தான் கதவுகள் சாத்தப்படுகின்றன. பெயர் மறைப்பை ஆதரிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் ஆதரிக்கிறார்கள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் பேச்சே எழுவதில்லை. கணவன் மனைவிக்கு அப்பால் மூன்றாமவர் முட்டை கூடாது என்பதே பெரும்பாலான சுன்னி அறிஞர்களின் தீர்ப்பு.

தடை போட்டால் சரியாகிவிடுமா? துருக்கி 2010இல், இந்தச் சிகிச்சைக்காக வெளிநாடு போவதையே தடை செய்து பார்த்தது. ஏக்கத்தை எல்லைச் சாவடியில் நிறுத்த முடியாது. மறைவு கூடும், அவ்வளவுதான். நம் சட்டமும் 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குச் சிகிச்சை கூடாது என்கிறது. குண்டூரில் 2019இல் எழுபதைத் தாண்டிய ஒருவர் தான முட்டையில் இரட்டைக் குழந்தை பெற்றதைப் பார்த்தபின் அந்த வரம்பு நியாயமே என்பேன். ஆனால் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த 51 வயதுத் தாய் வேறு நாட்டுக்கு விமானம் ஏறினால் அவரைக் குற்றவாளியாகப் பார்க்க என்னால் முடியாது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினக் கரையில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு, குடும்பக் கட்டுப்பாடு செய்த குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசே இலவசமாகச் செய்தது. குழந்தை இல்லாத வீட்டின் துக்கம் அரசின் பொறுப்பும்தான் என்று அன்று ஒத்துக்கொண்டோம்.

அதே பொறுப்போடு முட்டை கொடுக்கும் பெண்ணையும் பார்க்க வேண்டும். அவள் வயதையும் சம்மதத்தையும் தரகரோ உறவினரோ அருகில் இல்லாமல் ஓர் அரசு மருத்துவர் தனியே கேட்டுப் பதிய வேண்டும். தஞ்சையில் இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற பொது மகப்பேறு மருத்துவமனைகளில் அதற்கு ஓர் அறை போதும். ஈட்டுத்தொகையைச் சட்டமே நிர்ணயித்து அவள் வங்கிக் கணக்கில் நேரே போட வேண்டும். எடுத்த பின் இரண்டு வாரமாவது அவளைச் செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் கர்ப்பிணிகளுக்குப் பல்லாண்டாகச் செய்துவருவதுதான் இது. பதிவேட்டைப் பதினெட்டு வயதில் பிள்ளைக்குத் திறக்க வேண்டும். அதுவரை, முன்பணம் கட்டும் தம்பதி மருத்துவமனையில் விலைப்பட்டியலோடு இன்னொன்றையும் கேட்கலாம்: முட்டை எடுத்த மறுநாளும் மறுவாரமும் அந்தப் பெண்ணை யார் பரிசோதித்தார், அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று. பெயர் சொல்ல வேண்டாம், அந்தத் தாளைக் காட்டினால் போதும். காட்ட மறுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.