பொடி எழுத்துச் சீட்டுகள்

ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களிடம், பொருட்களோடு சேர்த்துச் சீட்டுகளையும் பாருங்கள் என்று சொல்வேன். கண்ணாடிப் பேழைகளுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் பொருட்களில் சிறுசிறு சீட்டுகள் தொங்கும். எந்த ஊர், எந்த மக்கள், யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று எல்லாம் மையால் எழுதிய பொடி எழுத்து. சில பொருட்களின் மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

அங்கே வெள்ளிப் பூச்சிட்ட ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. வாயை இறுக அடைத்திருக்கிறது. 1915 வாக்கில், இங்கிலாந்தின் சசெக்ஸில் ஹோவ் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்து மூதாட்டி ஒருவரிடம் வாங்கியதாம். இதற்குள் ஒரு சூனியக்காரி இருக்கிறாள், திறந்து விட்டால் பெரும் தொல்லை என்று அவர் சொன்னதையும் சீட்டு சொல்கிறது. எழுதியவரின் நுட்பத்தை என்னவென்பது! ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். கிழவியின் நாட்டுப்புறப் பேச்சைக் கொச்சை நீக்காமல் அப்படியே இறக்கி வைத்திருக்கிறார். படிக்கும்போது கிழவியின் குரலே கேட்கிறது. ஆனால், புட்டியை 1926-ல் கொடுத்த அறிஞர் மார்கரெட் மரேயின் பெயர் பதிவில் நிற்க, கிழவி வெறும் ‘மூதாட்டி’தான். யார் பெயரை எழுத வேண்டும் என்பதை அன்றைய சமூகம் முன்பே முடிவு செய்துவிட்டது.

பேழைகளின் வரிசைக்கும் ஒரு கதை உண்டு. 1884-ல் 20,000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவர் ஜெனரல் பிட் ரிவர்ஸ். துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்த படைவீரர். சிறு மாற்றங்கள் சேர்ந்துதான் ஒரு கருவி வளர்கிறது என்று கண்டவர். அதே கண்ணோடு உலகத்தையும் அடுக்கினார்: நாடு வாரியாக வேண்டாம், பூட்டோடு பூட்டு, விளக்கோடு விளக்கு. 1875-ல் அவர் வெளியிட்ட படம் ஒன்றில், நடுவே ஒரு வெறும் கழி. அதிலிருந்து கதிர் விரிவதுபோல் பூமராங், கேடயம், ஈட்டி. படத்தின் நேர்த்தி மனத்தை அள்ளும். ஆனால் அவை எல்லாம் ஆஸ்திரேலியத் தொல்குடியினர் ஒரே காலத்தில் கையாண்ட பொருட்கள். முன்னது, பின்னது என்ற வரிசை ஜெனரல் போட்டது. தன்னை உச்சிப்படியில் வைத்துப் பார்த்த விக்டோரியா கால இங்கிலாந்தின் வரிசை.

அந்த அடுக்குமுறையே அவர் எண்ணாத ஓர் அழகையும் தந்துவிட்டது. வகை வாரியாக அடுக்கியதால், சசெக்ஸ் கிழவியின் புட்டியும் மற்ற நாட்டுத் தாயத்துகளும் ஒரே இனமாகிவிட்டன. இங்கிலாந்துக்குத் தனி மேடை இல்லை.

தென்னமெரிக்காவின் ஷுவார் மக்களிடமிருந்து வந்த சுருக்கிய தலைகளும் அங்கே இருந்தன; 2020-ல் அவற்றைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி. பழைய சீட்டுகளை மட்டும் கழற்றிவிடக் கூடாது; எழுதியவர்களின் காலத்துக்கு அவையே சாட்சி. அவற்றின் பக்கத்தில், பொருளைச் செய்த மக்களே எழுதும் சீட்டுகளும் வர வேண்டும்.