பாடிகாவல்: கோப்பெருஞ்சிங்கனை வாசித்தல்

டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் அடுத்தது காலடிப்பேட்டை, அதற்கடுத்தது திருவொற்றியூர் தேரடி. இறங்கித் தியாகராசர் கோயிலுக்குள் போனால் சுவரெல்லாம் எழுத்து. அதில் ஒன்று மூன்றாம் ராஜராஜ சோழனின் 19-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ராஜா இங்கே வந்து உட்கார்ந்து, உறவாக்கின தலைக்கோலி என்ற பெண் அகமார்க்கம் பாடியதைக் கேட்டு, மணலியில் 60 வேலி நிலம் கொடுக்கிறான். ஆம், இப்போது எண்ணெய் ஆலை நிற்கும் அதே மணலி.

படித்தால் பேரரசன் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மூணு நாலு வருஷத்துக்கு முன்னால் இவன் கைதி. 1231-இல் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் இவனைத் தெள்ளாற்றில் தோற்கடித்து, உளுந்தூர்பேட்டை பக்கத்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். சோழனுக்குக் கீழே இருந்த ஒரு தலைவனே சோழனைத் தூக்கி உள்ளே போட்டான். நம் சரித்திர நாவல்கள் இந்தப் பக்கம் வருவதே அரிது. வந்தாலும் 'துரோகி' என்ற ஒரு சொல்லோடு வேலை முடிந்துவிடும்.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரே பிரதியிலிருந்து. கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயிலில் இருக்கும் கல்வெட்டு அது. அதை வரலாற்றுச் சான்றாக மட்டும் பார்க்காமல், எழுதப்பட்ட ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். தொடக்கத்தில் குற்றப்பத்திரிகை: காடவன் அரசனைப் பிடித்தான், அவன் படை நாட்டையும் கோயில்களையும் அழித்தது. செய்தி கேட்ட ஹொய்சள நரசிம்மன் சோழனை மறுபடி நிறுத்துவேன் என்று சபதம் போட்டுக் கிளம்புகிறான். அப்புறம் அவனுடைய தண்டநாயகர்கள் இரண்டு பேர் செய்ததெல்லாம் ஊர் ஊராகப் பட்டியல். எரித்த ஊர்கள், கொன்ற அதிகாரிகள், பிடித்துக்கொண்டு போன பெண்கள். நடுவில் பொன்னம்பலத்தில் சாமி கும்பிடுகிறார்கள். படை சேந்தமங்கலத்தை நெருங்கியதும் காடவன் பணிந்து சோழனை விடுவிக்கிறான்.

காடவன் அழித்தால் அது குற்றம். மீட்க வந்தவர்கள் அழித்தால் அது சாதனை, கல்லில் வெட்டிப் பெருமைப்பட வேண்டியது. இந்தப் பிரதியின் அரசியல் இவ்வளவுதான். காடவன் தரப்பின் வயலூர்க் கல்வெட்டோ அதே தெள்ளாற்றை வெற்றியாகப் பாடுகிறது. தன்னைப் பல்லவன் என்று சொல்லிக்கொண்டவன் அவன். தெள்ளாறு, பல்லவன் நந்திவர்மன் ஜெயித்த களம். ஆக அங்கே அது துரோகமே இல்லை, இழந்ததைத் திரும்ப எடுத்தது.

ரெண்டு பிரதியும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. இவனை வளர்த்தது யார்? சோழர்கள்தான். கூடலூர்க் காடவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோழர்களிடம் வேலை பார்த்தவர்கள். பாடிகாவல், அதாவது ஊர்க்காவலும் அதற்கு வசூலிக்கும் வரியும், மெல்ல மெல்ல இப்படிப்பட்ட தலைவர்கள் கைக்குப் போனது. அவர்கள் தங்களுக்குள்ளேயே உடன்படிக்கை போட்டுக் கல்லில் வெட்டினார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், சிஸ்டத்தின் எல்லா அனுமதியையும் வெளியாளிடம் கொடுத்துவிட்டு ஓனர் பெயரை மட்டும் ராஜா வைத்துக்கொண்டான்.

சீனத்தில் தாங் பேரரசன் இதையேதான் செய்தான். ஆன் லூஷான் என்ற ஒரே தளபதியிடம் மூன்று எல்லைப் படைகளைக் கொடுத்தான். 755-இல் அவன் கிளர்ந்தான், 757-இல் சொந்த மகனாலேயே செத்தான். பிறகு எழுதிய அரசவை வரலாறு அவனைத் துரோகிகளுக்கான தனி அத்தியாயத்தில் போட்டது. படையைத் தூக்கிக் கொடுத்தவனுக்கு அந்த மாதிரி அத்தியாயம் எதுவும் இல்லை.

காடவனின் வீழ்ச்சி அவ்வளவு நாடகமானதல்ல. 1243-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் தில்லைக் கிழக்குக் கோபுரத்தைத் தான் கட்டியதாகக் கல்வெட்டில் சொல்கிறான். கோயிலை அழித்தவன் என்று பெயர் வாங்கிய குடும்பம்! பிறகு சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுப் பிடித்து, பணிந்ததும் திருப்பிக் கொடுத்தான். 1279 வாக்கில் காடவனின் கல்வெட்டுகள் நின்றுபோகின்றன. கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனும் அதே வருஷத்தோடு மறைகிறான். சிறை வைத்த வம்சமும் சிறையிருந்த வம்சமும் ஒன்றாக முடிந்தன. நாடு பாண்டியனுடையது ஆயிற்று.

அதற்காகக் கோப்பெருஞ்சிங்கனை நாயகனாக்கி 'ஆண்ட பரம்பரை' போஸ்டர் அடிக்கச் சொல்லவில்லை. அது இதே தப்பைத் தலைகீழாகச் செய்வது. அவன் படையும் ஊர்களை எரித்திருக்கும்தான். எரிந்த ஊர்கள் கல்வெட்டு வெட்டவில்லை, அவ்வளவுதான்.

டோல்கேட்டில் வளர்ந்தவனுக்கு இது பழைய கதை இல்லை. எங்க ஏரியா பற்றி வரும் செய்திகளிலும் படங்களிலும் 'ரௌடி' என்ற சொல் சுலபமாக விழும். அவனுக்கு ஏரியாவைக் கொடுத்தது யார், வசூலில் பங்கு யாருக்குப் போனது என்ற கேள்வி விழாது. திருவந்திபுரத்தை ஒருமுறை இப்படி வாசித்த பிறகு, எதைப் படித்தாலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எரித்தவன் யார் என்பதோடு, எழுதியவன் யார்?

அந்தப் பாட்டு, அந்த 60 வேலி. ராஜாவிடம் அப்போது மிச்சமிருந்தது கொடுக்கிற அதிகாரம் மட்டும்தானோ என்று தோன்றுகிறது. மணலியில் அந்த நிலத்தை உழுதவர்கள் அவனை யாரென்று நினைத்தார்கள் என்று எந்தச் சுவரிலும் இல்லை.