மொழி ஒன்றுதானே என்று கிளம்புகிறார்கள்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் ஓடத் தொடங்கியது. இவ்வளவு பக்கம் என்பதாலோ என்னவோ, மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்கள் இரு கரையிலும் அரைகுறையாகவே தயாராகிறார்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் வேலை பெற்றோரிடம் தொடங்கும். ஒப்புதல் கடிதம் வாங்குவதற்குள், “இலங்கையா? இப்ப அங்க பிரச்சினை ஒண்ணும் இல்லையே சார்?” என்று பத்து அழைப்பாவது வரும். அரசுக் கல்லூரி என்றால் ஆசிரியருக்கே தடையின்மைச் சான்று வேண்டும். விசா சுலபம், இணையத்திலேயே ஈ.டி.ஏ. என்ற பயண அனுமதியை எடுத்துவிடலாம்.

யாழ்ப்பாணத்து விரிவுரையாளருக்கு முதலில் கோப்பு நகர வேண்டும்: பீடச்சபை, மூதவை, பேரவை. பிறகுதான் விசா. கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போவதென்றால் சுற்றுலா விசா செல்லாது, அதற்குத் தனி வகை. தங்கவைக்கும் இந்தியக் கல்லூரிக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். “நம்ம பிள்ளைங்கதானே” என்ற பாசம் சட்டத்தின் முன் எடுபடாது.

பணத்திலும் ஏற்றத்தாழ்வுதான். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யூ.பி.ஐ. அறிமுகமானதால் நம் மாணவன் கொழும்புக் கடையில் போனை நீட்டிப் பார்க்கலாம். இங்கே வரும் யாழ் மாணவியோ டீக்கடையில் சில்லறைக்குத் தவிப்பாள்.

இதெல்லாம் எப்படியோ நடந்துவிடும். நடக்காமல் போவது வேறொன்று. நம் ஆசிரியர்கள் பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்லித்தருகிறார்கள். என்ன கேட்கக் கூடாது என்று சொல்வதில்லை. அறிமுகமான இரண்டாம் நாளே, “போர்ல உங்க வீட்ல யாராவது...” என்று ஆரம்பிக்கும் மாணவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஈழம் அவனுக்குச் சினிமாவாகவும் மேடைப்பேச்சாகவும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் வாசலில் விரலைக் காட்டிச் செல்ஃபி எடுப்பதும், தெற்கே போனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பதும் அந்த அறியாமைதான். பின்னது காவல் நிலையம் வரைகூட இழுத்துச் செல்லும்.

அங்கிருந்து வருபவர்களுக்கு ஏமாற்றம் வேறு வகை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தங்களைத் தெரியும் என்று நினைத்து வருவார்கள், வாய் திறந்ததுமே ஆட்டோக்காரர், “கேரளாவா?” என்பார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். குழுவில் அவர்களில் சிலர் இருந்தால் விரிவுரையாளரின் பாடு இன்னும் நுட்பமானது. இங்கே யார், எந்தக் குரலில், என்ன கேட்கக்கூடும் என்று அவர்களிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

என்னைக் கேட்டால், டிக்கெட் போடுவதற்கு முன்பே இரு பக்க மாணவர்களையும் காணொளியில் ஒரு மணி நேரம் பேச விடுவேன். “எப்ப வெளிக்கிடுறீங்கள்?” என்று, அதாவது எப்போது கிளம்புகிறீர்கள் என்று, அந்தப் பக்கம் கேட்க, இந்தப் பக்கம் நாற்பது பேர் விழிப்பதை ஆசிரியரும் உடனிருந்து பார்க்கட்டும்.