மியூட் பண்ணினாலும் ஜெயிக்க முடிகிறதா?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜப்பானிய கிளையன்ட்டுக்கு வேலை செய்தோம். ஒருநாள் போனில் அந்தப் பக்கத்து இன்ஜினியர், டேட்டாவை ‘கரெக்ட்’ பண்ணிவிட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் காதில் விழுந்தது ‘கலெக்ட்’. திருத்தாத டேட்டாதான் வந்திருக்கிறது என்று நாங்கள் உட்கார்ந்து திருத்த, இரண்டு நாள் வீணாப் போச்சு. மனுஷர் சோம்பேறியும் இல்லை. தினமும் ரயிலில் உச்சரிப்பு கேம் விளையாடுபவர், ஸ்கோரும் நல்ல ஸ்கோர். அப்புறம் எங்கே கோளாறு?

ஜப்பானிய மொழியில் ர, ல இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒலிதான். ஆங்கிலத்தில் இவற்றை முக்கியமாகப் பிரிப்பது மூன்றாம் ஃபார்மன்ட் என்ற அதிர்வெண் பட்டை. ர-வில் அது நன்றாகக் கீழே இறங்கும். ஜப்பானியக் காது அதை விட்டுவிட்டு இரண்டாம் ஃபார்மன்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, சிக்கல் நாக்கில் மட்டும் இல்லை, காதிலும்தான்.

நான் நோண்டிப் பார்த்த கேம்கள் பலவும் இந்தக் காதைத் தொடுவதே இல்லை. திரையில் சொல்லை எழுதிக் காட்டிவிடுகிறார்கள், கண்ணே ஜெயித்துவிடுகிறது. மைக்கில் பேசச் சொல்லும் கேம்களின் கதை வேறு. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் வேலையே, எப்படிப் பேசினாலும் சொல்ல வந்ததை ஊகிப்பது. அதையே பேப்பர் திருத்த உட்காரவைத்தால், கருணை மார்க் போடும் வாத்தியார்தான் கிடைப்பார்! போதாததற்கு எல்லாச் சொல்லுக்கும் ஒரே குரல். லைவ்லி, லோகன், பிசோனி மூவரும் 1993-லேயே காட்டிவிட்டார்கள்: ஒரே குரலில் பழகியவர்களுக்கு அந்தத் திறமை புதுக் குரல்களில் கைகொடுக்கவில்லை.

அதற்காக கேமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2011-ல் லிம், ஹோல்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியர்கள் வேற்றுக்கிரகவாசிகளைச் சமாளிக்கும் ஒரு வீடியோ கேம் ஆடினார்கள். ஒவ்வொரு வகை ஆசாமிக்கும் ஒரு ஒலி. இது ர-வா ல-வா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் வேகம் கூடக் கூட, ஒலியைக் கேட்டே வருவது யார் என்று கணிக்க வேண்டிய கட்டாயம். ஐந்து நாளில் மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆடியதில் கிடைத்த முன்னேற்றம், பழைய முறைப் பயிற்சியில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கிடைப்பதற்குச் சமம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் அளந்தது கேட்கும் திறனை, பேச்சை அல்ல. இருந்தாலும் 1997-ல் பிராட்லோவும் சகாக்களும் செய்த ஆய்வில், கேட்டுப் பிரிக்கும் பயிற்சி மட்டும் பெற்ற ஜப்பானியர்களின் பேச்சும் தேறியது. காது திறந்தால் நாக்கும் ஓரளவு பின்னால் வரும் போல.

ஆகவே, ஒரு உச்சரிப்பு கேமை எடைபோட நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. சத்தத்தை மியூட் பண்ணிவிட்டு ஆடிப் பாருங்கள். அப்போதும் ஜெயிக்க முடிந்தால், அது சொல்லித்தருவது உச்சரிப்பு இல்லை, ஸ்பெல்லிங். நம்ம வீட்டுப் பிள்ளைகளின் போனில் இருப்பதையும் ஒருதடவை இப்படிப் பார்த்துவிடுங்கள்.